அடக்கியே பழகியவர்கள்

மலேசியாவின் லாபிஸ் பக்கம் ஒரு துக்க வீட்டுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போனால், அறுபதைத் தாண்டிய பெண்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். நடுக்கூடத்தில் காற்றாடிக்கு நேர் கீழே நாற்காலி காலியாகக் கிடக்கும். அவர்கள் பின்கட்டுக்குப் போகும் வழியில், சுவரோரமாக, வெக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். "இங்க வாங்கம்மா, காத்தா இருக்கும்" என்று கூப்பிட்டால், "இருக்கட்டும்யா, காலு நீட்டணும்" என்பார்கள். பலருக்குக் காரணம் கால் அல்ல. எழுந்தால் பத்து எட்டில் கழிவறை இருக்க வேண்டும். பலமாகத் தும்மிவிட்டால், யார் கண்ணிலும் படாமல் முந்தானையைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு எழ வேண்டும்.

சிறுநீர்க் கசிவோடு வாழும் பெண் தன் நாளை நடத்தும் விதத்தில் அசாத்தியமான திட்டம் இருக்கிறது. அடர்ந்த நிறத்தில்தான் சேலை எடுப்பாள். அதற்குள் இரண்டு உள்பாவாடை. கைப்பையில் மடித்த துணி, வாய் கட்டிய பிளாஸ்டிக் பை. வெளியே போகிற நாளில் காலையிலிருந்து நாக்கு நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். கோலாலம்பூருக்குக் காரில் கூட்டிப்போனால், யோங் பெங் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதுமே பாகோ ஓய்விடம் எப்போது வரும் என்று மகனைக் கேட்பாள். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் கழிவறை இல்லையென்பதால் பஸ் பயணம் என்றாலே ஒரு தலைவலியைக் கண்டுபிடிப்பாள்; ரயில் என்றால் போகலாமா என்று யோசிப்பாள். பத்துமலையின் 272 படிகளை இன்னொரு தடவை ஏறிப் பார்க்கும் ஆசையை முழங்கால்மேல் பழி போட்டுக் கைவிட்டிருப்பாள்.

இந்த ஏற்பாடுகளை நான் குறைத்து மதிக்கவில்லை. யாரும் சொல்லித்தராமல், தன் உடம்பைத் தானே நோட்டம் பார்த்து ஒரு பெண் சேர்த்த அறிவு இது. ஆனால் அதில் பாதி அவளைக் காக்கிறது. மீதிப் பாதி அவளைக் கெடுக்கிறது. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் வாய்க்கவில்லை. என் ஆதங்கம் முழுக்க இதில்தான்.

வாய்திறந்து சொன்ன ஓரிருவருக்கும் கிடைத்த பதில் ஒரே வாக்கியம்தான்: "வயசானா அப்படித்தான்." மகள் சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், சமயத்தில் மருந்து கொடுக்கிற இடத்திலேயே யாராவது சொல்வார்கள். வயது ஏறினால் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது உண்மை. வந்துவிட்டால் கட்டை வேகும்வரை சுமக்க வேண்டியதுதான் என்பது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் இத்தனை பேர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடுப்பின் அடியில், முன்னெலும்பிலிருந்து வாலெலும்புவரை ஒரு தசைத்தளம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். அந்த நொடியில் தளம் இறுகி நீர்வழியை நெருக்கிப் பிடித்தால் ஒரு சொட்டும் வெளிவராது. பிரசவத்தில் இழுபட்டு, மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து மெலிந்து, உடம்பு எடையும் அதன்மேல் ஏறினால் பிடி தளர்ந்துவிடும். இது ஒரு வகை. இன்னொரு வகையில் பை நிறைவதற்கு முன்பே அவசரப்பட்டுச் சுருங்கும். "வருது" என்று தெரிந்து எழுவதற்குள் வந்துவிடும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். மருத்துவப் புத்தகங்கள் கடைசியில் சொல்லும் ஒன்றை நான் முன்னால் கொண்டுவருவேன்: பையும் சரி, தளமும் சரி, ஆனால் கழிவறை தூரம், மூட்டு மடங்கவில்லை, கைலி முடிச்சு அவிழவில்லை. இதற்கு மருந்து தச்சரிடமும் கொத்தனாரிடமும் இருக்கிறது.

ரயில் பாதையிலோ ஒன்றாம் எண் சாலையிலோ அமைந்த தெனாங், லாபிஸ், பெக்கோக், சாஆ ஊர்களைச் சுற்றி இப்போது கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. இன்று எழுபது, எண்பதில் இருக்கும் பெண்களில் பலர் இதே மண்ணில் ரப்பர் நின்ற காலத்தில் பால் வெட்டியவர்கள். இருட்டோடு எழுந்து சோறாக்கி, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். லயத்துக்குப் பின்னால் கக்கூஸ் ஒரு வரிசையாக இருக்கும். இத்தனை குடும்பத்துக்கு இத்தனை கதவு. முறை வருவதற்குள் பெரட்டு கலைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டே பால் வெட்டும் நிரைக்குப் போனவர்கள் உண்டு. நிரையில் ஒதுங்க இடம் ஏது? அட்டை, பாம்பு, பக்கத்து நிரையில் ஆண்கள், எந்த மரத்தின் பின்னாலிருந்து எப்போது வருவான் என்று தெரியாத கங்காணி. ஆகவே வேலை முடியும்வரை அடக்கினார்கள். தண்ணீர் குடிக்காமலிருக்கும் பழக்கத்தை இவர்கள் முதுமையில் கற்கவில்லை. பதினாறு வயதிலேயே கற்றுக்கொண்டார்கள்.

ஒரு ஆளுக்கு 500 மரம் போல இருக்கும். வெட்டி முடித்து, பால் வடிய விட்டு, மறுபடி மரம் மரமாகப் போய் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்ற வேண்டும். வாளிகள் நிறைந்ததும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் ஏற்றி, வழுக்குகிற புல், மேடு பள்ளம், ஓடைக்குக் குறுக்கே போட்ட ஒற்றைக் கட்டை எல்லாவற்றையும் தாண்டி நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. குந்திய நிலையிலிருந்து அந்தப் பாரத்தோடு எழும் கணத்தில் அழுத்தம் முழுவதும் எங்கே இறங்கும் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "தூக்குறப்பவே சொட்டும். பால் சிந்தினா கங்காணி ஏசுவான். இது சிந்தினா யாருக்குத் தெரியும்?" என்றார் என் பெரியம்மா. அப்படிச் சொட்டிய நாளில் அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தத் தலைமுறைக்கு ஆறு பிள்ளை, ஏழு பிள்ளை சர்வசாதாரணம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் பேறுகாலத்துக்கு 60 நாள் கொடுத்தது. 2023 ஜனவரி முதல்தான் அது 98 நாள் ஆனது. உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் பேறுகாலப் படி கிடையாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆறாவதைப் பெற்றவள் என்ன செய்வாள்? வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கணவனுக்கு ஒத்தாசையாக என்று பேர் சொல்லி நிரைக்குப் போவாள். கிழிந்த தசை சேர்வதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பது கணக்குப் பிள்ளையின் புத்தகத்தில் இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகும் பெண்களின் பங்குக்கு வந்தது குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் வேலை, உர மூட்டை சுமக்கும் வேலை, முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் வேலை.

தோட்டத்தையே பார்க்காத பெண்களுக்கும் இந்தத் தொல்லை வருகிறது. பிள்ளை பெறாதவர்களுக்கும் வருகிறது. பிரசவம் இதன் பெரிய காரணங்களில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை. பாரம் தூக்குவதையும் மருத்துவர்கள் காரணங்களோடு சேர்த்தே பேசுகிறார்கள். உளி கையைக் கிழித்தால் டிரசரிடம் போனார்கள், கட்டுப் போட்டார், பதிவேட்டில் எழுதினார். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி வந்தபின் விண்ணப்பமும் போட்டார்கள். இடுப்புக்கடியில் பட்ட இந்தக் காயம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வேலை தந்த காயம் என்று சொல்லப்பட வேண்டியது வயதின் குற்றமாக, அதிலும் அந்தப் பெண்ணின் அசிங்கமாக ஆகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது இவர்கள் இருப்பது பெரும்பாலும் தாமான் வீடுகளில். மாதம் தவறாமல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்கக் கிளினிக் போகிறார்கள். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது இன்னும் கூடுதல். சர்க்கரை ஏறினால் சிறுநீர் பெருகும். நாள்பட்டால் பையின் நரம்பும் மரத்துப்போகும். ஆக, கசிவைப் பற்றிக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அங்கே நடப்பது இப்படி: மகன் பக்கத்தில் நிற்பான். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி கணினியைப் பார்த்தபடியே "கென்சிங் ஓகே, ஆன்ட்டி?" என்று சிறுநீரைப் பற்றி மலாயில் கேட்பார். பாட்டி "ஓகே, ஓகே" என்று தலையாட்டுவார். அடுத்த எண் கூப்பிடப்படும். மிஸ்ஸிமேல் தப்பில்லை, வெளியே வரிசை நிற்கிறது. மகன்மேலும் தப்பில்லை, அவன் வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கிறான். ஆனால் பெற்ற மகன் முன்னால், பாதி புரிந்த மொழியில் கேட்ட ஒரு கேள்விக்கு, அறுபது வருடம் மறைத்ததை எந்தப் பெண் சொல்வாள்?

லாபிஸ் இருக்கும் சிகாமட் மாவட்டத்துக்கு ஒரு பேறு உண்டு. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை 2011 முதல் சீக்கோ என்ற சமுதாய ஆய்வகத்தை இங்கே நடத்திவருகிறது. பெக்கோக், சாஆ உட்பட ஐந்து முக்கிம்களில் வீடு வீடாகப் போய் மக்களின் உடல்நிலையைக் கேட்டுப் பதிகிறார்கள். ஒரு சிற்றூரின் வாசல்படியில் அமர்ந்து, நேரம் எடுத்து, அவரவர் மொழியில் விசாரிக்கலாம் என்பதற்கு நம் கண் முன்னாலேயே சான்று இருக்கிறது. கிளினிக்கின் ஐந்து நிமிடத்தில் வராத பதில் வாசல்படியில் வரும்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். பழைய கைலியை நீளவாட்டில் கிழித்து, எட்டாக மடித்து, ஓரம் தைத்து வைத்திருப்பார். கடையில் வாங்கும் பஞ்சுப் பட்டையைவிட அது மெத்தென்று இருக்கும், காசும் மிச்சம். கெடுதல் துணியில் இல்லை, உலர்த்திய விதத்தில் இருந்தது. கொடியில் பேரனின் பள்ளிச் சட்டைக்கு அடியில், வெயில் படாத இடத்தில், இன்னொரு கைலியைப் போர்த்தி மறைத்து உலர்த்துவார். மழை மாதத்தில் அது காயவே காயாது. ஈரம் போகாத துணியைத் திரும்பக் கட்டிக் கட்டித் தொடையிடுக்கெல்லாம் படை. அதற்கு ஒரு களிம்பு, அந்தக் களிம்பை ஒளிக்க ஒரு டப்பா. தண்ணீரைக் குறைத்ததால் சிறுநீர் சுண்டி, கடுத்து, பையை மேலும் உறுத்தியது. மலச்சிக்கலும் சேர்ந்து பையைப் பக்கத்திலிருந்து நெருக்கியது. நீர்க்கடுப்புக் கிருமி இரண்டு முறை காய்ச்சலில் படுக்க வைத்தது. கசிவைக் குறைப்பதற்காக அவர் செய்த காரியமே கசிவைக் கூட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு காரணம் மாத்திரைப் பையில் இருந்தது. பெரிண்டோப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைக் கொடுக்கும். அதே மருந்துக் குடும்பத்து மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. ஒவ்வொரு இருமலுக்கும் பெரியம்மாவுக்குக் கசிந்தது. இருமலுக்குத் தனியாகச் சிரப் குடித்துக்கொண்டிருந்தார். மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்ன பிறகு, இருமல் தராத வேறு வகைக்கு மாற்றிக் கொடுத்தார். மாத்திரையைத் தானாக நிறுத்தியிருந்தால் பக்கவாதத்தில் முடிந்திருக்கலாம், சொன்னதால் மாறியது. சொல்வதற்கு உதவியது இரண்டு மைலோ டின்கள். எத்தனை முறை போகிறோம், எத்தனை முறை கசிகிறது என்று மூன்று நாளாவது குறித்துவரச் சொல்வது இந்த வைத்தியத்தின் முதல் படி. பெரியம்மாவுக்கு எழுத வராது. கழிவறைக்குப் போனால் ஒரு டின்னில் ஒரு புளியங்கொட்டை, கசிந்தால் மற்ற டின்னில் ஒன்று. மருத்துவர் மேசையில் கொட்டி எண்ணினார். வாயால் சொல்ல வெட்கப்பட்டதைக் கொட்டைகள் சொல்லிவிட்டன.

பிறகு பயிற்சி. இதை 1948-இல் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதி உலகறியச் செய்தார். இன்று எந்த நாட்டின் மருத்துவ வழிகாட்டியை எடுத்தாலும், இருமலில் கசிகிற பெண்ணுக்கு முதல் வைத்தியம் இதுதான், கத்தியும் மருந்தும் பிறகுதான். காற்றுப் பிரிவதைச் சபையில் அடக்குவதுபோல உள்ளே இழுத்து, மேலே தூக்கி, சில நொடி பிடித்து, முழுக்கத் தளர்த்த வேண்டும். வேளைக்கு எட்டுக்குக் குறையாமல், நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகவும் கூடாது. 2018-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வில், இருமல் தும்மலில் கசிந்த பெண்களில் இந்தப் பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 விழுக்காடு. காசில்லாத வைத்தியத்துக்கு இவ்வளவு பலன் இருந்தும் எங்கள் லயத்துப் பெண்கள் காதில் அது விழவே இல்லை. யோக வகுப்பில் மூலபந்தம் என்று ஆண்களுக்கு ஏறக்குறைய இதையே சொல்லித்தருகிறார்கள். அடுப்படியில் நின்ற பெண்ணுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இதற்குள்ளேயே இன்னும் சின்ன வித்தை ஒன்று இருக்கிறது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்த அந்தக் கணத்தில், இருமுவதற்கு முன்பே தளத்தை இறுக்கிக்கொள்வது. 1998-இல் ஜேனிஸ் மில்லர் என்பவரும் கூட்டாளிகளும் வயதான பெண்கள் 27 பேருக்கு இதைக் கற்பித்து ஒரே வாரத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மிதமான இருமலில் கசிவு 98 விழுக்காடு குறைந்தது, பலமான இருமலில் 73 விழுக்காடு. தசை வலுக்க ஒரு வாரம் போதாது. அவர்களுக்குப் பிடிபட்டது நேரம். பெரியம்மா முதலில் முகம் சிவக்க முக்கினார். "பலம் வேணாம் பெரியம்மா, நேக்கு" என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார். உளி பட்டையில் எவ்வளவு இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்த மாதிரி இதுவும் என்று அவரே சொன்னார். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயம்படும், மேலாகப் போனால் பால் வராது. அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று இருமி இருமிப் பார்த்தார். "அடி, நிக்குதுடி!" என்றவர் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அவசரமாக வரும் வகை இதைவிடப் பிடிவாதமானது. சந்தைக்குப் போய்த் திரும்பி, கிரில் கதவில் சாவி நுழையும் ஓசை கேட்டதும் பை பொறுக்காது. ஓடினால் கசியும். ஓடாமல் நின்று, தளத்தை நாலைந்து முறை விரைவாக இறுக்கி விட்டு, அலை தணிந்த பிறகு நடக்க வேண்டும். சொல்வது எளிது, நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும். பிறகு, போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும். குறைந்தது ஆறு வாரம் பழக வேண்டும் என்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணிக்கொரு தரம் போய்வந்த பெண்ணின் பை, கொஞ்சமே பிடிக்கும் பையாகப் பழகிப்போயிருக்கும். தே தாரிக்கையும் காப்பியையும் குறைத்தாலும் பலன் உண்டு. எடை குறைத்தாலும் பலன் உண்டு: 2009-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பருமனான 338 பெண்களில் எடையில் 8 விழுக்காடு குறைத்தவர்களுக்குக் கசிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இரவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலிவு விலை வீடுகளில் கழிவறை சமையலறைக்கும் அப்பால், ஒரு படி இறக்கத்தில் இருக்கும். ஈரத்தரை, குந்தும் பீங்கான், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் இரத்தத்தில் திரும்பி, இரவில் மூன்று முறை எழுப்பும். மதியத்தில் காலை உயர்த்தி ஒரு மணி நேரம் படுத்தால், அந்த நீர் பகலிலேயே போய்விடும். நீர் பிரியும் மாத்திரையை எந்த வேளைக்கு எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். படுக்கையருகே மூடிபோட்ட வாளி வைப்பதைக் கௌரவக் குறைச்சலாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இருட்டில் ஓடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்தக் கிழவி திரும்ப எழுவது சந்தேகம். வாளியை வையுங்கள், சுவரில் ஒரு கைப்பிடி அடியுங்கள், ஒரு சின்ன விளக்கை அணைக்காமல் விடுங்கள்.

கோயில் விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "சுத்தமில்லாம எப்படிச் சாமி முன்னாடி நிக்கிறது" என்று வெள்ளிக்கிழமை வாசலோடு திரும்பும் பெண்களை எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்து மலாய் மூதாட்டிகளுக்கும் இதே தொல்லை; தொழுகைக்கு முன் சுத்தம் அவர்களுக்கு இன்னும் கண்டிப்பானது. ஆனால் அவர்கள் மார்க்கச் சட்டம் இதைப் பேசியிருக்கிறது. ஓயாமல் கசிகிறவர் துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கடமைத் தொழுகைக்கும் நேரம் வந்ததும் புதிதாக உளூ என்னும் அங்கசுத்தி செய்து தொழலாம், இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும் என்று ஷாஃபி மரபில் விதி இருக்கிறது. உஸ்தாஸ்கள் அதைச் சபையில் வெளிப்படையாகப் போதிக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு குருக்களோ, கோயில் தலைவரோ ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொன்னால், எத்தனை பெண்கள் கருவறைக்கு நேரே வந்து நிற்பார்கள்.

வெள்ளம் வந்தால் இந்த மறைவெல்லாம் உடையும். 2011 ஜனவரி 30-ஆம் தேதி தெனாங் இடைத்தேர்தல் நடந்தது. வாக்களிப்பு நாளன்றே லாபிஸ் தண்ணீரில் நின்றது. 2023 மார்ச்சில் சிகாமட் மாவட்டம் மறுபடி மூழ்கியது. பள்ளிக்கூடத்தை நிவாரண மையமாக்கி, வகுப்பறைத் தரையில் பாய் விரித்துக் குடும்பங்களைப் படுக்க வைக்கிறார்கள். கழிவறை மைதானத்துக்கு அப்பால், வரிசையோடு. மாற்றுத் துணி வெள்ளத்தோடு போயிருக்கும். அங்கே ஒரு பாட்டி சாப்பிட மறுத்தால், அவருக்குப் பசி இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தைகளுக்குப் பெம்பர்ஸ் கொண்டுவரும் தொண்டர்கள் பெரியவர்களுக்கும் கொண்டுவர வேண்டும். கேட்டால் யாரும் கை நீட்டமாட்டார்கள், கழிவறைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

பயிற்சி எல்லாருக்கும் போதாது. "அடி இறங்கிடுச்சு" என்று பெண்கள் சொல்லும் கருப்பை இறக்கத்துக்கு, உள்ளே பொருத்தும் வளையம் நல்ல நிவாரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூ லெனாக்ஸ் ஹாட்ஜ் என்ற அமெரிக்க மருத்துவர் அதைக் கெட்டிப்படுத்திய ரப்பரில் செய்தார். இப்போது சிலிக்கோன். சிறுநீர் வடிக்கும் ஃபோலி குழாய் பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்வது. உலகத்துக்கே அத்தகைய குழாய்களை அதிகம் செய்து அனுப்பும் நாடு மலேசியா. இந்தப் பெண்கள் சுமந்து கொடுத்த பால் உலகமெங்கும் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வளையம் என்று ஒன்று உண்டு என்பதே இவர்களில் பலருக்குத் தெரியாது. சிறுநீரில் இரத்தம் கண்டாலும், ஏதோ பிதுங்கி வெளியே வந்தாலும், நீர் பிரியாமலே நின்றுபோனாலும் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல் சிகாமட் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாக, நினைவு தப்பிப் படுக்கையில் விழுந்தவர்கள். இவர்களுக்கு நேக்கும் உதவாது, நேரமும் உதவாது, பெம்பர்ஸ்தான். நாளைக்கு மூன்று என்றால் மாதம் 90. பத்துத் துண்டுப் பொட்டலம் இருபது ரிங்கிட்டை ஒட்டி வரும். ஆக மாதம் 180 ரிங்கிட். வறிய மூத்தோருக்குச் சமூக நலத்துறை தரும் உதவித்தொகை 2025 முதல் 600 ரிங்கிட். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். அதனால் மருமகள்கள் கணக்குப் பார்க்கிறார்கள். காலையில் கட்டியதைச் சாயங்காலம்வரை விடுகிறார்கள், கனத்துத் தொங்கினாலும் விடுகிறார்கள். தோல் வெந்து, புண்ணாகி, புண் குழியாகிறது. அவர்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களும் செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கிவிட்டு வந்தவர்கள். இந்தச் செலவை உதவித்தொகையில் தனியாகச் சேர்க்கும்படி லாபிஸின் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் தெனாங், பெக்கோக் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டும். கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: மாதப் பரிசோதனை நாளில் தமிழ் பேசும் பெண் ஒருத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இருமுனா கசியுதாம்மா?" என்று கேட்பதற்கு ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும்.